புதன்கிழமை மட்டும் அணையும் கேமரா

பெரக்கரை நாடு
6.2.2025

விஜயாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது கேமரா விஷயம்.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கடையில் கேமரா வாங்கினேன். விமல்ராஜ் என்கிற ஆள் மலையேறி வந்து, களத்தைப் பார்த்த மாதிரி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று அது வேலை செய்யவில்லை என்று கடைக்குப் போன் போட்டேன். ஓனர் தரணிதரன், "ரிப்பேரெல்லாம் நம்ம விஜயாதானுங்க பார்க்குது. உங்க மலைப் பொண்ணுதான். குடுக்கறேன், பேசுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அம்மாவின் கருமாதி அன்று மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரத்தை அணைத்து, செத்தாலும் உன்னோடு பேசமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன், நீயும் செய்தாய். நாலு வருஷம் ஆகிறது. அந்தச் சத்தியத்தை நான் மீறமாட்டேன். ஆனால் எழுதக்கூடாது என்று சத்தியத்தில் இல்லை. அதனால் எழுதி, பஸ் கண்டக்டர் அப்பாசாமியிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

மிளகு பறித்துக் காயப்போட்டு, காய்ந்ததை மூட்டை கட்டிக் கொட்டகையில் வைக்கிறேன். இந்த வருஷம் வைத்த மூட்டை வைத்த இடத்தில் இருப்பதில்லை. அதற்குத்தான் கேமரா வாங்கினேன். அது ரெண்டு நாள் படம் காட்டுகிறது, மூன்றாம் நாள் 'ஆஃப்லைன்' என்கிறது. திருடனைப் பிடிக்க வாங்கின கேமராவே திருட்டு முழி முழித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

விற்றது உங்கள் கடை. சரிசெய்ய வேண்டியதும் நீங்கள்தான்.

ராஜேஸ்வரி


நாமக்கல்
10.2.2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் ராஜேஸ்வரி அவர்களுக்கு,

தங்கள் புகார் கிடைத்தது. கேமரா ஆஃப்லைன் ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. கேமராவின் முகத்தில் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். அது நீலமாக நின்று எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பாக மினுக்கினால் வைஃபை கிடைக்கவில்லை என்று அர்த்தம். எது என்று பார்த்து எழுதவும். விமல்ராஜ் கொடுத்த வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது, அதற்கும் கேமராவுக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்றும் எழுதவும். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடியும் சொருகிப் பார்க்கவும். பத்து என்றால் பத்து. தாங்கள் அவசரக்காரர் என்பது எனக்குத் தெரியும்.

பொருள் காணாமல் போனால் கூடப்பிறந்தவளின் பையை ஊர் முன்னால் கொட்டிப் பார்ப்பது தங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை அதற்கு வழியில்லை. நான் மலையேறி நாலு வருஷம் ஆகிறது. எனவே கேமராவை நம்புவதைத் தவிர தங்களுக்கு வேறு கதியில்லை.

இப்படிக்கு,
விஜயா
சர்வீஸ் பிரிவு


பெரக்கரை நாடு
13.2.2025

விஜயா,

மதிப்பிற்குரிய வாடிக்கையாளராமே! இருக்கட்டும்.

விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. பத்து எண்ணினேன். உனக்காக இருபதே எண்ணினேன். அரைநாள் வேலை செய்தது, திரும்பவும் நின்றுவிட்டது.

வைஃபை பெட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது. புதுப் பெட்டி, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரும்பு பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கதவு இடுக்கு வழியாக ஒயரை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன். ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரும் சுற்றியிருக்கிறேன். அதனால் பெட்டியில் கோளாறு இருக்காது. கேமராதான் பழுது. வேறு கேமரா அனுப்பச் சொல்.

ராஜேஸ்வரி


நாமக்கல்
17.2.2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வைஃபை பெட்டியைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிய வாடிக்கையாளரை இப்போதுதான் பார்க்கிறேன். தங்கள் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தரணிதரன் சார் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார்.

இரும்பைத் தாண்டி வைஃபை வராது. பெட்டியை வெளியே எடுத்து, கவரைப் பிரித்து, களத்தை ஒட்டின அறையில் ஜன்னல் பக்கம் உயரமாக வைக்கவும். திருட்டுப் பயம் இருந்தால் அந்த அறையைப் பூட்டிக்கொள்ளவும். பீரோ அளவுக்குப் பாதுகாப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அம்மாவின் சங்கிலி அதே பீரோவிலிருந்துதான் போனது.

விஜயா
சர்வீஸ் பிரிவு


பெரக்கரை நாடு
20.2.2025

விஜயா,

குத்திக் காட்டாமல் உனக்கு எழுத வராது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

நீ சொன்ன மாதிரியே பெட்டியை மாற்றி வைத்தேன். மறுநாளெல்லாம் தங்கமாக வேலை செய்தது. தோட்டத்தில் நின்றபடியே போனில் களத்தைப் பார்த்தேன், கோழி மிளகைக் கிளறுவதுகூடத் தெரிந்தது. நேற்று புதன்கிழமை மதியம் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனேன். ரெண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தால் ஆஃப்லைன். நாலு மணிக்கு வீடு வந்து சேரும்போது விளக்கு நீலமாக நின்று எரிகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. கொட்டகையைத் திறந்தேன். ஒரு மூட்டை இல்லை.

எனக்கு ஆள் யாரென்று தெரியும். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள்தான். வேலித் தகராறு வந்ததிலிருந்து அவளுக்கு என் மேல் காட்டம். புதன்கிழமை நான் இருக்கமாட்டேன் என்பதும், மறுநாள் சந்தை என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் வழியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேமரா ஒருதரம், ஒரே ஒருதரம் அவள் முகத்தைப் பிடித்துக் கொடுக்கட்டும். அப்புறம் அவள் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடப்பதை நான் பார்க்கிறேன்.

ராஜேஸ்வரி


நாமக்கல்
24.2.2025

வாடிக்கையாளருக்கு,

கேமரா எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்பது கடைக் கணினியில் பதிவாகும். எடுத்துப் பார்த்தேன். பீரோக் கூத்தைத் தள்ளிவிட்டால், மிச்சமெல்லாம் புதன்கிழமை, மதியம் ரெண்டிலிருந்து மூன்றரைக்குள். மழையோ சிக்னலோ காரணமென்றால் அதற்குக் கிழமை தெரியாது.

இன்னொன்று. அந்த நேரத்தில் கரண்ட் போகவில்லை. கேமராவுக்குக் கரண்ட் போய் வந்திருந்தால் அது புதிதாகத் தொடங்கினதாகக் கணினி காட்டும். அப்படிக் காட்டவில்லை. வைஃபை பெட்டியை மட்டும் யாரோ அணைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் போட்டும் விட்டிருக்கிறார்கள்.

பெட்டி இருக்கும் அறையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? யோசித்து எழுதவும்.

விஜயா


பெரக்கரை நாடு
27.2.2025

விஜயா,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாவி ரெண்டு. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று என் வீட்டுக்காரர், உன் மாமாவின் அரைஞாணில். மாமா புதன்கிழமை மதியம் உரம் வாங்க அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிவிடுவார். எனவே பொன்னம்மாள் எப்படியோ கள்ளச்சாவி போட்டிருக்கிறாள். நம்பமாட்டாய், நேற்றும் ஒரு மூட்டை போய்விட்டது.

எனக்குத் தூக்கமே வருவதில்லை. அவளை ஊர்க்கவுண்டர் முன்னால் நிறுத்த வேண்டும். பேச முடியாமல் அவள் விழிப்பதை எல்லோரும் பார்க்க வேண்டும். உனக்கு இதெல்லாம் தெரிந்த வேலைதானே, ஏதாவது வழி சொல்.

இன்னொரு விஷயம் எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், விடு.

ராஜேஸ்வரி


நாமக்கல்
3.3.2025

வாடிக்கையாளருக்கு,

வழி இருக்கிறது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆஃப்லைன் என்றால் படம் உங்கள் போனுக்கு வரவில்லை என்று அர்த்தம். கேமரா கண்ணை மூடிக்கொண்டது என்று அர்த்தமில்லை. அதற்குள் விரல்நகம் அளவு ஒரு மெமரி கார்டு இருக்கிறது. வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும்வரை அதில் எல்லாம் பதிவாகும். பெட்டியை அணைத்த ஆளுக்கு இது தெரியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் கார்டில் இருக்கிறது.

விமல்ராஜை அனுப்புகிறேன். ஆனால் என் நிபந்தனைப்படிதான். வரும் ஞாயிறு, மாரியம்மன் கோயில் முன்னால், ஊர்க்கவுண்டர் சின்னானும் அம்மாவின் கருமாதி அன்று அங்கே நின்றவர்களும் வர வேண்டும். விமல்ராஜ் எல்லோர் கண் முன்னாலும் கார்டை எடுத்து லேப்டாப்பில் போடுவார். அதற்கு முன்னால் நீங்கள் அதைப் பார்க்கக்கூடாது. அன்று என் பையைக் கொட்டுவதற்கு முன்னால் யாரும் தனியாக அழைத்துப் போய்ப் பார்க்கவில்லையே.

படத்தில் யார் வந்தாலும், அன்று என்னைக் கேட்டதை அதே இடத்தில் நின்று உங்கள் வாயால் கேட்க வேண்டும். "எடுத்தியா இல்லையா, சொல்லு." சம்மதம் என்றால் எழுதவும்.

விஜயா


பெரக்கரை நாடு
5.3.2025

விஜயா,

சம்மதம். நூறு தரம் சம்மதம். பொன்னம்மாளை முன்னால் உட்கார வைக்கிறேன்.

ராஜேஸ்வரி


பெரக்கரை நாடு
11.3.2025

விஜயா,

நீ கேட்டபடியே நடந்தது.

அன்று நின்றவர்களில் ரெண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். உன் மாமா அன்றைக்கென்று பார்த்து, மாட்டுக்குச் சீக்கு என்று வரமாட்டேன் என்றார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பொன்னம்மாளையும் நானே கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தேன்.

விமல்ராஜ் கார்டைப் போட்டார். பிப்ரவரி பத்தொன்பது, மதியம் ரெண்டே கால். களம் தெரிகிறது. கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு உன் மாமா மூட்டையோடு வெளியே வருகிறார். மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். பூட்டினதும் இழுத்து வேறு பார்க்கிறார், வீட்டுப் பொருள் பத்திரமாக இருக்க வேண்டுமே. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்த புதன்கிழமையையும் போட்டுக் காட்டினார்கள். அதேதான்.

 பொன்னம்மாள் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அக்கா, இதைப் பார்க்கத்தான் என்னை முன்னால உக்கார வச்சீங்களா?" என்றாள். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நீ சொன்னதைக் கேட்டேன். "எடுத்தீங்களா இல்லையா, சொல்லுங்க" என்றேன். "எடுத்தேன்" என்றார். போனில் பணம் வைத்து ரம்மி ஆடுகிறாராம். அதோடு முடிந்திருக்கும். ஊர்க்கவுண்டர் விடவில்லை. "ஏப்பா சாமியப்பா, அப்ப உங்க மாமியா சங்கிலி?" என்று கேட்டார். உன் மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. சங்கிலியை எடுத்தது அவர்தான். கருமாதி முடிந்த அந்த மாதமே அவர் சட்டைப்பையில் அடகு ரசீதைப் பார்த்தேன். சுஜிதாவுக்குத் தட்டு மாற்றி நாள் குறித்திருந்த நேரம். அப்பன் திருடன் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும். உனக்குப் படிப்பு இருக்கிறது, வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இனி தொடமாட்டேன் என்று அவர் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நம்பினேன். நம்பாவிட்டால் உன்னைப் பற்றி நினைக்க வேண்டி வரும், அதனால் நம்பினேன். மிளகு போனபோதும் பொன்னம்மாள்தான் என்று பிடித்துத் தொங்கினது அதனால்தான்.

அந்தக் கார்டை விமல்ராஜ் கொண்டுபோய்விட்டார். இப்போது உன்னிடம் இருக்கும். சுஜிதாவுக்கு ஏழு மாதம். சம்பந்தி வீட்டுக்கு அந்தப் படம் போனால் அவள் தாங்கமாட்டாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன், அனுப்பிவிடாதே. கோயிலில் பூசை போட்டுச் சத்தியத்தை இறக்கிவிடலாம் என்கிறார் ஊர்க்கவுண்டர். வா கண்ணு. உன்னோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

அக்கா


நாமக்கல்
14.3.2025

ராஜேஸ்வரிக்கு,

இனி நீ வாடிக்கையாளர் இல்லை. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

சாவி ரெண்டு என்று நீ எழுதின அன்றே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. அடுத்த மூட்டையும் போகட்டும், கார்டு நிறையட்டும் என்று விட்டேன். உன் புருஷனை உன் வாயாலேயே ஊர் முன்னால் கேட்க வைக்க வேண்டும் என்று நாலு வருஷத்தில் நினைக்காத நாளில்லை. ஞாயிறு கடை லீவு. நான் மட்டும் வந்து திறந்து உட்கார்ந்து விமல்ராஜின் போனுக்குக் காத்திருந்தேன். அவர் சொன்னதும் எதிர்க் கடையில் டீ வாங்கிக் குடித்தேன். அந்த மாதிரி டீ நான் குடித்ததே இல்லை. எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அப்புறம் உன் கடிதம் வந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது, புருஷன் உன்னையும் ஏமாற்றியிருக்கிறான், தெரிந்ததும் இடிந்துபோய் உட்காருவாய் என்று நினைத்திருந்தேன். பழிவாங்கும்போதுகூட உன்னைக் கொஞ்சம் நல்லவளாக வைத்திருந்திருக்கிறேன். உனக்குத் தெரியும்! அந்த மாதமே தெரியும்! உன் மகள் கல்யாணம் நிற்கக்கூடாது என்று என் கல்யாணத்தை நிற்க விட்டாய்.

காளப்பநாயக்கன்பட்டிக்காரர்கள் எனக்குப் பூ வைத்துவிட்டுப் போய் அப்போது இருபது நாள்கூட ஆகவில்லை. திருட்டுப் பட்டம் கட்டின பெண் வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சதீஷ்குமார் ஒருதரம் போன் செய்து, "நெசமா விஜயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. மலைக்கு வரும் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் வரும். அந்த வீட்டைத் தாண்ட வேண்டுமே என்றுதான் நாலு வருஷமாக நான் பஸ் ஏறவில்லை. உன் சத்தியத்துக்குப் பயந்து இல்லை.

கார்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. சம்பந்தி வீட்டு விலாசமும் எனக்குத் தெரியும். சுஜிதா எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவள் முகத்துக்காக அனுப்பாமல் இருக்கிறேன். ஆனால் நீ ஒன்று செய்ய வேண்டும். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிப் போய், சதீஷ்குமாரின் அம்மா அத்தாயியைப் பார்த்து, விஜயா திருடவில்லை, என் புருஷன்தான் திருடினார், தெரிந்த பிறகும் அவள் மேல் போட்ட பழியை அப்படியே விட்டேன் என்று சொல்ல வேண்டும். யாரையும் துணைக்குக் கூட்டிப் போகக்கூடாது.

சதீஷ்குமாருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். நீ போய்ச் சொல்வதால் எனக்கு ஒன்றும் திரும்பி வராது. இருந்தாலும் போ. நாலு வருஷமாக அந்த வீட்டில் நான் திருடி. என் பேச்சு எழும்போதெல்லாம் நல்லவேளை தப்பித்தோம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தவறு செய்துவிட்டோம் என்று ஒருநாளாவது அவர்கள் வருத்தப்படட்டும். அந்த அம்மா என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுத வேண்டும். நீயாகச் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அதன்பிறகுதான் மற்றதெல்லாம்.

விஜயா


பெரக்கரை நாடு
19.3.2025

விஜயா,

நேற்று போனேன். தனியாகத்தான் போனேன். திரும்பி வந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். சிலதை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். உனக்கு நான் ஏற்கெனவே சொன்ன பொய் போதும்.

அத்தாயி அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்க என்றார்கள். உட்காரவில்லை, நின்றுகொண்டே, "விஜயா விஷயமா வந்தேனுங்க" என்றேன். "எந்த விஜயாங்க?" என்று கேட்டார்கள்.

சதீஷ்குமாருக்குப் பூ வைத்த பெண் என்றேன். "நாங்க பத்துப் பன்னண்டு எடம் பார்த்தமுங்க. ரெண்டு எடத்துல பூ வச்சு நின்னுபோச்சு. அதுல எதுங்க?" என்றார்கள். பெரக்கரை நாடு என்றேன். அப்பா பெயரைச் சொன்னேன். நம் மிளகுத் தோட்டத்தைச் சொன்னேன். நீ சிவப்பாக, உயரமாக இருப்பாய் என்று சொன்னேன். "நெனப்பு வல்லீங்களே" என்று புளியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வேண்டுமென்று சொன்ன மாதிரி இல்லை விஜயா. நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சங்கிலி திருடுனதாச் சொன்னாங்கல்லோ, அந்தப் பொண்ணு" என்றேன்.

"அட, அந்தத் திருட்டுப் புள்ளையா!" என்று உடனே சொன்னார்கள்.

அது நீ இல்லை, என் புருஷன்தான், தெரிந்த பிறகும் உன் மேல் போட்ட பழியை அப்படியே விட்டேன் என்று நீ சொன்னபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்கள். "அப்படீங்களா" என்றார்கள். கையிலிருந்த புளியை முறத்தில் போட்டுவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

ராஜேஸ்வரி